கடைசி வரிசையைப் பார்த்து எடுத்த முடிவு: வெள்ளவத்தையில் ஒரு பரத வகுப்பு

சிறு பிள்ளைகளுக்கான நடன வகுப்பை அதன் ஆண்டு விழாவை வைத்து எடைபோடுகிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். மேடையில் முன்வரிசையில் நிற்கும் நான்கு பிள்ளைகள் எந்த வகுப்பிலும் நன்றாகத்தான் ஆடுவார்கள். வேறு எங்கே சேர்த்திருந்தாலும் அப்படியே ஆடியிருப்பார்கள். ஆசிரியையின் கைவண்ணத்தைக் கடைசி வரிசையில்தான் தேட வேண்டும். வலது எது, இடது எது என்று தடுமாறி, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து ஒரு தட்டுப் பிந்தித் தட்டுகிறதே, அந்தப் பிள்ளையை ஆசிரியை என்ன செய்கிறார்? வாழ்நாளின் பெரும்பகுதியை முதலாம், இரண்டாம் ஆண்டு வகுப்பறைகளில் கழித்தவள் நான். எனக்கு நடனம் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தை வாசிக்கத் தெரியும்.

பேத்திக்கு ஐந்தரை வயது. மகளும் மருமகனும் இருட்டும் நேரத்தில்தான் வீடு வந்து சேர்கிறார்கள். ஆகவே வகுப்புத் தேடும் வேலை அம்மம்மாவின் தலையில் விழுந்தது. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைக்குப் பரதம் பழக்க இடமில்லை என்று எவரும் முறையிட முடியாது. வடக்கே கொட்டாஞ்சேனை, தெற்கே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு மதிலில் சலங்கைப் படம் போட்ட விளம்பரம் தொங்குகிறது. தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடு.

பெயர்களை எழுதப் போவதில்லை. பிடிக்காத வகுப்புகளின் பெயரைப் போட்டு எவருடைய வயிற்றிலும் அடிக்க எனக்கு விருப்பமில்லை. பிடித்த வகுப்பின் ஆசிரியையோ, “இருக்கிற பிள்ளைகளே போதும் அம்மா, பெயரைப் போட்டுவிடாதீர்கள், தொலைபேசி ஓயாது” என்று கேட்டுக்கொண்டார். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் நடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் கழித்துவிட்ட இடங்களில் இரண்டைப் பற்றிச் சொன்னால்தான் இந்த இடம் ஏன் பிடித்தது என்பது விளங்கும். ஒன்று பெரிய மண்டபம். ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி, குளிரூட்டி, வாசலில் வரவேற்பு மேசை. சேர்வதற்கு ஒரு கட்டணம், அவர்களிடமே வாங்க வேண்டிய பஞ்சாபிக்கு ஒரு கட்டணம், அடையாள அட்டைக்குக்கூட ஒரு கட்டணம். சின்னப் பிள்ளைகள் நாற்பது பேர் இருப்பார்கள். பெயர் பெற்ற ஆசிரியை வந்து பார்த்தது பத்து நிமிடமும் இருக்காது. மீதி நேரம் முழுவதும் மேல்வகுப்பு மாணவிகள் இருவர் சொல்லிக் கொடுத்தார்கள். பாவம், அவர்களும் பிள்ளைகள்தான். தாங்கள் பழகியபோது எப்படி அதட்டப்பட்டார்களோ அப்படியே அதட்டினார்கள். கண்ணாடியில் முன்வரிசைக்கு மட்டும்தான் தன் உருவம் தெரிந்தது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகு.

மற்றது பரீட்சைக்காகவே நடக்கும் வகுப்பு. அங்கே ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, ஒற்றைக்கை முத்திரைகள் இருபத்தெட்டின் பெயரையும் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது. தன் பெயரையே ஒரு கோட்டில் நேராக எழுத இன்னும் பழகாத கை அது. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தரம் தரமாக ஏறி, கடைசியில் கலாவித்தகர் பட்டம் வாங்கிய பல பெண்களை எனக்குத் தெரியும்; கைக்குள் ஒரு தொழிலாகவும் அது அவர்களுக்கு உதவியிருக்கிறது. பத்து வயதில் தொடங்கினாலும் அந்தப் படிகளை ஏறலாம். அவசரப்படுவது பிள்ளைகள் இல்லை, வெளியே வாட்ஸ்அப்பில் பெறுபேறு ஒப்பிடும் பெற்றோர்.

பக்கத்து வீட்டு அன்ரி பாலே வகுப்பில் விடச் சொன்னார். கொழும்பில் பாலேக்கு நல்ல இடங்கள் உண்டு. கண்டிய நடனத்துக்கும் உண்டு. பேத்தி கோயிலில் ஒரு நடன நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஆடுகிறவள். அவள் கேட்டது பரதம். அதனால் அந்தப் பேச்சை நீட்டவில்லை.

இப்போது போகிற வகுப்பில் முதலில் தரையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத விடயம் அது. வெறுங்காலால் நிலத்தைத் தட்டித்தான் பரதம் பழக வேண்டும். அடவு என்னும் அடிப்படை அசைவுகளில் முதலாவதான தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்து முடிப்பதற்குள் ஒரு பிள்ளை எத்தனை தடவை பாதத்தை நிலத்தில் அறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொழும்பு மாடிகளில் நிலம் என்பது கொங்கிறீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸ். ஓசை கணீரென்று எழும். அதிர்ச்சி முழுவதும் குதிக்காலுக்கும் முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் திரும்பி ஏறும். இந்த ஆசிரியை அறையின் நடுப்பகுதியில் ரப்பர் துண்டுகளைப் பரப்பி, அவற்றின் மேல் பலகை அடித்திருக்கிறார். வாடகை வீட்டில், தன் சொந்தச் செலவில். பலகையின் ஓரம் நடக்கையில் தடுக்காமல் சாய்வாகச் சீவியிருக்கிறது. சுவரில் கண்ணாடி கிடையாது. வீட்டுக்காரர் ஆணியடிக்க விடவில்லை என்பதுதான் காரணம், தத்துவம் ஒன்றும் இல்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்தது அரைமண்டி, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி இருந்தபடி நிற்கும் நிலை. வகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் இதை உற்றுப் பார்க்க வேண்டும். முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிய வேண்டும், அந்த விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு இன்னும் இடம் கொடுக்காத பிள்ளையிடம் “பாதத்தைத் திருப்பு, இன்னும் திருப்பு” என்று நெருக்கினால் அது பாதத்தை மட்டும் திருப்பிவிடும். முழங்கால் முன்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். நடுவில் மூட்டு முறுகும். நான் போன வேறோர் இடத்தில், தோளை அமுக்கிப் பிள்ளைகளை இருத்தினார்கள். இங்கே ஆசிரியை பிள்ளையின் எதிரே தானும் இருந்து, “உன் முழங்கால் உன் பெருவிரலைப் பார்க்கிறதா?” என்று கேட்கிறார். பார்க்கவில்லையென்றால் பாதத்தின் திருப்பத்தைக் குறைக்கச் சொல்கிறார். ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை, முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். ஐந்து வயதுக்காரர்கள் பாதி அரைமண்டியில்தான் நிற்கிறார்கள். படம் எடுத்தால் அழகாக வராது. இரண்டு அடவுக்கு ஒரு தடவை எழுப்பி, காலை உதறச் சொல்கிறார். அந்த உதறலுக்கும் ஒரு சொல்லுக்கட்டு, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கள், வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த அடவு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆசிரியை முப்பதுகளின் நடுவில் இருப்பவர். அவருடைய குரு சென்னை கலாசேத்திராவில் பயின்றவராம். ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பாணி இலங்கையில் பலருக்கும் குரு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வழியின் கண்டிப்பும் கூடவே வந்திருக்கும் என்று அஞ்சிக்கொண்டுதான் மாடி ஏறினேன். கண்டிப்பு இருக்கிறது. தலை பின்னாமல் வர முடியாது. வந்ததும் வணக்கம் செய்யாமல், நிலத்தைத் தொட்டுக் கும்பிடாமல் தொடங்க முடியாது. பலகையில் தாளம் தட்டும் தட்டுக்கழி பேசும்போது எவரும் பேச முடியாது. ஆனால் அந்தத் தட்டுக்கழி பலகையை விட்டு ஒரு பிள்ளையின் பக்கம் நீண்டதை நான் கண்டதில்லை. சுட்டிக்காட்டக்கூட அதைத் தூக்குவதில்லை, கையைத்தான் நீட்டுகிறார். கையைப் பிடித்துத் திருத்த வேண்டியிருந்தால் “பிடிக்கட்டுமா?” என்று கேட்கிறார். ஒரு நாள் ஒரு பிள்ளை “வேண்டாம்” என்றது. “சரி, என் கையைப் பார்த்து நீயே செய்” என்று விட்டுவிட்டார்.

கதவு சாத்துவதில்லை. வெளி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள், யன்னல் வழியாக எல்லாம் தெரியும். யன்னலுக்குள் தலையை நீட்டிப் பிள்ளைக்குச் சைகை காட்டுகிற தாய்மாருக்கு மட்டும் அனுமதியில்லை. அவர்களை மரைன் டிரைவ் பக்கம் காற்று வாங்க அனுப்பிவிடுகிறார். உள்ளே நடராசர் படத்துக்குக் கீழே, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது. “ஒரு அடி அடித்தால்தானே கலை வரும், எங்கள் காலத்தில் அப்படித்தானே” என்று விறாந்தையில் ஒரு அப்பா தொடங்கினார். எங்கள் காலத்தில் அடி வாங்கியவர்களில் எத்தனை பேர் இப்போது ஆடுகிறார்கள் என்று கேட்டேன். பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.

கடைசி வரிசைக்கு வருகிறேன். இங்கே கடைசி வரிசை ஒன்று நிலையாக இல்லை என்பதை நான் கவனிக்கச் சற்று நேரமாயிற்று. ஒவ்வோர் அடவு முடிந்ததும் முன்வரிசை பின்னால் போகிறது, பின்வரிசை முன்னால் வருகிறது. சொல்லிச் செய்வதில்லை, தட்டுக்கழியில் ஒரு சின்னத் தாளம் கேட்டதும் பிள்ளைகள் தாமாகவே இடம் மாறுகிறார்கள். என் வகுப்பறையில் மூன்றாம் வாங்கில் இருப்பவர்களை முன்னுக்குக் கொண்டுவர நான் எத்தனை தந்திரம் செய்திருப்பேன்! இது எனக்குத் தோன்றியதில்லை.

பிந்தித் தட்டுகிற பிள்ளைக்கு ஒரு பையனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். சிங்களப் பையன், தாயாரும் தமிழ் அறியாதவர். தெய்யா தெய் என்று வாயால் சொன்னால் கால் நின்றுவிடும், காலைத் தட்டினால் வாய் நின்றுவிடும். ஆசிரியை அவனை நிறுத்தவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் நிலத்தில் இருத்தி, கையால் தொடையில் தட்டிச் சொல்லச் சொன்னார். பிறகு கைதட்டி, பிறகு நின்றபடி, பிறகு நடந்தபடி. ஒரு வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. ஒருவனுக்காக மற்றவர்களின் நேரம் வீண் என்று கதிரைகளில் முணுமுணுப்பு எழுந்தது. உண்மையில் அன்றைக்குத்தான் என் பேத்தியின் தாளமும் நேரானது. அவளும் பக்கத்தில் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தாள் போலும். அந்தப் பையன் இப்போது இரண்டாம் காலம் வரை தடுமாறாமல் வருகிறான். மூன்றாம் காலத்தில் பழைய கதைதான்.

முத்திரைகளைத் தெகிவளை மிருகக்காட்சிசாலை வழியாகப் பழக்குகிறார். கூட்டைத் திறந்து உள்ளே போகிறோம்: பாம்புக்குச் சர்ப்பசீரிடம், மானுக்கு மிருகசீரிடம், சிங்கத்துக்குச் சிம்மமுகம், மயிலுக்கு மயூரம். யானை வந்ததும் எல்லாரும் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வரிசையைக் குலைத்துவிடுவார்கள். குலையட்டும் என்று விடுகிறார். பேத்தி முத்திரையின் வடமொழிப் பெயரைத் தப்பில்லாமல் சொல்கிறாள். எழுதச் சொன்னால் எழுத வராது.

ஆட மறுத்த ஒரு சிறுமியும் உண்டு. வந்த நாள் முதல் யன்னலடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள், வணக்கம் மட்டும் செய்வாள். தாய்க்குப் பெரும் வெட்கம், கூட்டிப் போகப் புறப்பட்டார். “கண்ணால் பழகிக்கொண்டிருக்கிறாள், விடுங்கள்” என்றார் ஆசிரியை. அந்த மாதக் காசையும் வாங்கவில்லை. சிறுமிக்கு ஒரு வேலை கொடுத்தார்: வகுப்புத் தொடங்கும்போது தட்டுக்கழியை எடுத்துவந்து கொடுக்க வேண்டும். பிறகு ஒரு சனிக்கிழமை, கழியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் வரிசையில் நின்றுகொண்டாள். ஆசிரியை அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காட்டிக்கொள்ளாமைக்குத்தான் நான் முழுப் புள்ளி போடுவேன். கைதட்டிக் கொண்டாடியிருந்தால் அவள் மறுபடி சுவருக்குப் போயிருப்பாள்.

சலங்கை கட்ட இங்கே அவசரம் கிடையாது. அடவுகளில் முதற்பகுதி கால்களில் ஏறிய பிறகு சலங்கைப் பூசை வைத்துத்தான் கொடுப்பார். அதுவரை வெறுங்கால்தான். பாரத்தைக் கட்டிக்கொண்டு ஆடும் வயதா இது என்பது அவர் கேள்வி. பேத்திக்குச் சலங்கை இல்லாதது பெரிய மனக்குறை, நான் தலையிடவில்லை.

இனிக் குறைகள். குறை சொல்லாத மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

வேகம் மிகக் குறைவு. ஒரு தவணை முழுவதும் தட்டடவும், அடுத்த அடவான நாட்டடவில் சிறு பகுதியும்தான் போயிருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆடிக் காட்டு என்றால் பிள்ளையிடம் காட்டுவதற்குப் பாட்டு ஒன்றும் இல்லை. இதைவிடப் பெரிய குறை, ஐந்து வயதும் எட்டு வயதும் ஒரே வகுப்பில் இருப்பது. எட்டு வயதில், கூர்மையான, வேகமாகப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இங்கே சலிப்புத் தட்டும். அப்படி ஒரு சிறுமி இருக்கிறாள். அடவு முடிந்து மற்றவர்களுக்காகக் காத்து நிற்கும்போது அவள் கொட்டாவி விடுவதை நான் கதிரையிலிருந்து பார்க்கிறேன். ஆசிரியை அவளைச் சின்னவர்களுக்குத் துணையாக நிறுத்துகிறார். அது அவளுக்கு நடனப் பயிற்சி ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளை உங்களுடையதென்றால் வேறு இடம் பாருங்கள். இரண்டு வகுப்பாகப் பிரிக்க அறை நேரம் கிடைக்கவில்லை என்கிறார். அது பெற்றோரின் கவலை இல்லையே.

செய்தி அனுப்பினால் பதில் வராது. வகுப்பு இல்லை என்ற அறிவித்தல் சில வேளை நாம் ஓட்டோவில் ஏறிய பிறகு வரும். போயா நாள், கோயில் திருவிழா, அவருடைய சொந்த நிகழ்ச்சிகள் எல்லாம் சேர்ந்து மாதத்தில் ஒன்றாவது போய்விடுகிறது. பதில் வகுப்பு வைப்பதாகச் சொல்வார், வைப்பது குறைவு. மலசலகூடம் கீழ்வீட்டில். சிறு பிள்ளைகளோடு செங்குத்தான படியில் ஏறி இறங்க வேண்டும், அந்தப் படிக்குக் கைபிடி கிடையாது. கடற்காற்றில் பழைய இரும்புக் கைபிடி துருப்பிடித்து விழுந்ததாம். புதியதைப் போடும்படி ஆசிரியையிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். கார் நிறுத்த இடமே இல்லை. 100, 101 பஸ்ஸில் வந்து காலி வீதியில் இறங்கி நடப்பது நல்லது. மழைக்காலத்தில் மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும். கரையோர ரயில் போகும்போது சொல்லுக்கட்டு கேட்காது. பிள்ளைகள் அந்த நேரம் தாமாக நின்று, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது குறையா என்று எனக்கே ஐயம்.

காசு மாதம் 4,000 ரூபாய். சேர்வதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முதல் இரண்டு வகுப்புகளைச் சும்மா பார்க்கலாம், பிள்ளையும் சேர்ந்து ஆடலாம். பழைய பஞ்சாபியும் இடுப்பில் இறுக்கிக் கட்ட ஒரு சாலும் போதும். கிழமைக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம். இந்த வயதுக்கு அதற்கு மேல் தாங்காது. பன்னிரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை.

ஆண்டு விழா என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வாணி விழாவுக்கு அதே அறையில், கொலுவின் முன்னால், பழகியதை ஆடிக் காட்டுவார்கள். அவலும் கடலையும் உண்டு. மண்டபம் எடுத்து, சென்னையிலிருந்து உடுப்பும் நகையும் தருவித்து, பின்னேரம் மூன்று மணிக்கே பிள்ளைகளுக்கு ஒப்பனை போட்டு, பிரதம விருந்தினரின் உரை முடிவதற்குள் பாதிப் பேர் மேடைக்குப் பின்னால் தூங்கிப்போகும் விழாக்களை நான் ஆசிரியையாக இருந்தபோது போதுமான அளவு நடத்தியிருக்கிறேன். ஆனால் மேடை வேண்டும் என்று விரும்பும் குடும்பங்களுக்கு இந்த வகுப்பு ஏமாற்றம் தரும். என் மருமகனுக்கே அந்த ஏமாற்றம் உண்டு. கனடாவிலிருக்கும் அவருடைய தாயாருக்கு அனுப்ப ஒரு நல்ல படம் கிடைக்கவில்லையாம்.

புதிதாகச் சேர்ப்பது விஜயதசமிக்கும் தை மாதத்திலும். இப்போது இடம் இல்லை. தையில் இரண்டு இடம் காலியாகும் என்று ஆசிரியை சொன்னார்: நான்காம் ஆண்டுக்குப் போகும் இருவரைப் புலமைப்பரிசில் வகுப்புக்காக நிறுத்தப் போகிறார்களாம். அந்தத் தாய்மார் இருவரோடும் விறாந்தையில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஏறக்குறைய மனம் மாறிவிட்டார். ஆகவே இரண்டு இடத்தையும் நம்பி இருக்க வேண்டாம்.